கடைசித் தெரு வரை: டெல்டாவில் நிவாரணப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காவிரி டெல்டாவில் புயலோ வெள்ளமோ வந்து, உதவ ஆள் வராமல் போனதே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கும் வந்தார்கள், 2018 கஜாவுக்கும் வந்தார்கள். லாரி லாரியாகப் பொருளும் வந்து இறங்கியது. ஆனால் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் யாரும் தொடாத பழைய துணி குவியல் குவியலாக மழையில் நனைந்து கிடந்தது. அதே நாட்களில் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த கூலித் தொழிலாளர் குடியிருப்புகள் பலவற்றுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. கஜாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் வண்டி நின்றது, மூன்று கிலோமீட்டர் உள்ளே இருந்தவர்கள் சாலைக்கு வந்து மறித்தால்தான் ஏதோ கிடைத்தது.

பொருள் திரட்டுவதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் மாலைக்குள் மண்டபம் நிரம்பிவிடும். அதைச் சரியான தெருவுக்குச் சரியான நாளில் கொண்டு சேர்ப்பதில்தான் தடுமாறுகிறோம். இந்தக் கட்டுரை அந்தப் பாதியைப் பற்றியது. இளைஞர் மன்றம், கல்லூரி நண்பர்கள், வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து முதல்முறையாக இறங்கப்போகும் குழுவை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எந்த வகைப் பேரிடர் என்று முதலில் பாருங்கள்

டெல்டாவுக்கு மூன்று விதமாகத் துன்பம் வரும். மூன்றுக்கும் ஒரே பட்டியல் உதவாது.

முதலாவது, காற்று. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை வரை தென்னை மரங்கள் வேரோடு விழுந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் கூரையும் மின்சாரமும் சாலையும்தான் போகும். உணவு அடுத்த பிரச்சினை.

இரண்டாவது, மழைத் தேக்கம். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியதே, அதுபோல. சாலை இருக்கும், மின்கம்பம் நிற்கும், ஆனால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அடுப்பு எரியாது, அரிசிப் பானை மிதக்கும். இங்கே சமைத்த சாப்பாடும் உலர்ந்த துணியும் உடனே வேண்டும்.

மூன்றாவது, கொள்ளிடம். ஆகஸ்டில் வானம் வெளுத்துக் கிடக்கும், கர்நாடகத்தில் பெய்த மழை மேட்டூர் வழியாக இறங்கி வந்து கரையோரத்துத் திட்டுகளை முழுங்கும். 2022 ஆகஸ்டில் நாதல்படுகை, முதலைமேடு போன்ற ஊர்கள் அப்படித்தான் மூழ்கின. இதில் ஒரு சலுகை உண்டு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வர அவகாசம் இருக்கிறது. எத்தனை லட்சம் கன அடி திறக்கிறார்கள் என்ற செய்தியைக் கேட்டவுடனேயே வேலையைத் தொடங்கிவிடலாம். படகும் கால்நடைத் தீவனமும் இதில் முதலிடம் பிடிக்கும். மாட்டை விட்டுவிட்டு முகாமுக்கு வர யாரும் சம்மதிக்க மாட்டார்கள், வைக்கோல் போய்ச் சேர்ந்தால் மனிதர்களும் கரையேறுவார்கள்.

வேலை செப்டம்பரில் தொடங்குகிறது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு குழு சேர்ப்பது, வண்டி பேசுவது எல்லாம் பதற்றத்தில் நடக்கும் வேலை, இரட்டிப்பு விலையில் முடியும். செப்டம்பரிலேயே செய்ய வேண்டியவை இவை.

நீங்கள் பார்த்துக்கொள்ளப் போகும் ஊர்களை முடிவு செய்யுங்கள். நாலு ஊராட்சி போதும். "டெல்டா மாவட்டங்கள் முழுவதும்" என்று பேனரில் போட்டுக்கொள்ளலாம், பத்துப் பேரால் செய்ய முடியாது. ஒவ்வொரு ஊரிலும் தெருவாரியாக எத்தனை வீடு, அதில் கூரை வீடு எத்தனை, படுத்த படுக்கையாக இருப்பவர்கள், கர்ப்பிணிகள், தனியாக இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களிடம் கேட்டால் ஒரு மாலையில் இவ்வளவும் கிடைத்துவிடும். அங்கன்வாடி டீச்சரும் கிராம செவிலியரும் மீதியைச் சொல்வார்கள். செல்போனில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். சார்ஜ் போனால் பட்டியலும் போச்சு.

ஒவ்வொரு ஊரிலும் இரண்டு தொடர்பாளர்கள் வேண்டும், வெவ்வேறு தெருவைச் சேர்ந்தவர்களாக, அதில் ஒருவராவது பெண்ணாக. இது ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

பாதிப்பு வளையத்துக்கு வெளியே, ஆனால் அரைநாள் ஓட்டத்துக்குள், ஒரு மொத்தக் கடையிடம் பேசி வையுங்கள். கடலோரத்துக்கு உதவப்போகிறீர்கள் என்றால் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் மூன்றும் தோதான இடங்கள். தார்ப்பாய், கயிறு, பருப்பு, மெழுகுவத்தி என்ன விலை, எவ்வளவு இருப்பு, கடனுக்குத் தருவாரா என்று கேளுங்கள். சென்னையிலிருந்து நெற்களஞ்சியத்துக்கு அரிசி லாரி அனுப்புவதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. மன்னார்குடி, கும்பகோணம் அரிசி ஆலைகளில் கிடைக்காத அரிசியா? டீசல் செலவில் இன்னொரு ஊருக்குத் தார்ப்பாய் வாங்கியிருக்கலாம்.

வரைபடத்தை ஆற்றின் போக்கில் படியுங்கள்

வெளியூர்க் குழுக்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிந்த தண்ணீர், மேலும் மேலும் கிளை பிரிந்து விரித்த விசிறி போலக் கடலை நோக்கிப் போகிறது. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பு என்னும் மதகுகள் உள்ள இடத்தில் மட்டும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே போவது எளிது, ஆற்றங்கரையோடே சாலை ஓடும். வடக்கிலிருந்து தெற்கே போகத்தான் ஆறு தாண்ட வேண்டும். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகிற வழியில் எத்தனை பாலம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், சொல்வது புரியும்.

கூகுள் மேப்பில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர், தரைப்பாலம் மூழ்கினால் இருபது கிலோமீட்டர் சுற்றாகிவிடும். ஆகவே உங்கள் ஊர்களுக்கு ஒரு பாலப் பட்டியல் தயார் செய்யுங்கள். எது தரைப்பாலம், எது உயரப் பாலம், எதில் லாரி போகும், எதில் குட்டி யானைதான் போகும், எது சிமெண்ட் குழாய் வைத்த வாய்க்கால் கடவு. சரக்கு வைக்கும் இடத்தையும் இதை வைத்தே தேர்ந்தெடுங்கள். நீங்கள் உதவப்போகும் ஊர்கள் எந்த இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கின்றனவோ, அதே இடைவெளியில் கிடங்கும் இருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரில் பெரிய மண்டபம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அங்கே இறக்காதீர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சரக்கு இல்லாத சரக்குதான்.

கடலோரத்தில் இன்னொரு சங்கதி. வேதாரண்யத்துக்கு அப்பால் கோடியக்கரை வரை நிலம் முனையாகக் குறுகிவிடும். உப்பளமும் சதுப்பும் சூழ்ந்த பகுதி. அங்கே மாற்றுப் பாதை தேட இடமே இல்லை. அந்தப் பக்கத்துக்கு உதவுவதாக இருந்தால் புயலுக்கு முன்பே பொருளை உள்ளே கொண்டுபோய் வைப்பதுதான் ஒரே வழி. கடலோர ஊர்களில் அரசு கட்டியிருக்கும் பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையங்களில் இடம் தரச்சொல்லி வட்டாட்சியரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்.

அனுப்புவதற்கு முன் கேளுங்கள்

புயல் கடந்த அன்று காலை. தொலைக்காட்சியில் படங்கள் ஓடுகின்றன, கை பரபரக்கிறது. லாரியைக் கிளப்பாதீர்கள். முதலில் இரண்டு பேரை மோட்டார் சைக்கிளில் அனுப்புங்கள். செல்போன் கோபுரங்கள் விழுந்து போன் எடுக்காது, நேரில் போவதைத் தவிர வேறு வழியில்லை. அவர்கள் கையில் ஒரு ரம்பம், ஒரு டார்ச், ஒரு நோட்டு, இரண்டு பேருக்கும் தண்ணீர். போகும் வழியில் எந்த இடத்தில் மரம் விழுந்து கிடக்கிறது, எந்தப் பாலம் வரை லாரி வரும் என்று குறித்துக்கொண்டே போக வேண்டும்.

ஊருக்குள் போனதும் "என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் எல்லாம் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். தவறில்லை, எல்லாமே போயிருக்கிறது. கேள்வியை நுணுக்கமாகக் கேட்க வேண்டும். பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணே, டேங்க்ல தண்ணி இருக்கா?"

"கரண்டு இல்லாம எப்படித் தம்பி ஏறும்? நேத்திக்கே தீந்துபோச்சு."

"மோட்டார் எத்தனை எச்.பி.? ரூம் சாவி யாருகிட்ட இருக்கு?"

"அஞ்சு எச்.பி. சாவி ஆபரேட்டர்கிட்ட. அவரு பள்ளிக்கூடத்துல இருக்காரு, வீடு சரிஞ்சு போச்சு."

"ராத்திரி எத்தனை பேர் பள்ளிக்கூடத்துல படுத்தாங்க?"

"நம்ம தெரு ஆளுங்க எரநூறு பேர் இருக்கும். காலனித் தெருக்காரங்க இங்க வரல, ரோட்டோரமா இருக்காங்க."

நாலு கேள்வியில் கிடைத்தது எவ்வளவு என்று பாருங்கள். ஜெனரேட்டர் வேண்டும், அதை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பள்ளியில் 200 பேர். அதோடு, பள்ளிக்கு வராத ஒரு தெரு இருக்கிறது, அங்கே தனியாகப் போய் விசாரிக்க வேண்டும். கடைசித் தகவல்தான் மிக முக்கியமானது. அதைக் கேட்காமல் திரும்பிய குழுவின் வண்டி மறுநாள் பள்ளிக்கூட வாசலில் நின்று காலியாகிவிடும்.

இப்படி வந்த தகவலை ஒரே ஒருவரிடம் சேர்த்து, அவர் மட்டுமே கொள்முதலுக்குச் சொல்ல வேண்டும். ஒரே ஊரிலிருந்து மூன்று பேர் மூன்று குழுக்களிடம் "500 போர்வை வேண்டும்" என்றால் 1,500 போர்வை வந்து நிற்கும், பக்கத்து ஊரில் ஒன்றுகூட இருக்காது. அதேபோல, இரண்டு நாளுக்கு ஒருமுறை மறுபடியும் விசாரியுங்கள். முதல் நாள் பட்டியல் மூன்றாம் நாள் செல்லாது.

முதல் வண்டியில் அரிசி வேண்டாம்

காற்றுப் புயல் என்றால் முதல் நடையில் ஏற வேண்டியவை: மரம் அறுக்கும் எந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும், கயிறு, கடப்பாரை, அரிவாள், தார்ப்பாய், டார்ச், ஜெனரேட்டர், டீசல். சாலையைத் திறந்துவிட்டால் உங்களுக்குப் பின்னால் வரும் அரசு வண்டி, ஆம்புலன்ஸ், மற்ற குழுக்கள் எல்லோருக்கும் வழி கிடைக்கும். விழுந்த கம்பத்தையும் கம்பியையும் மட்டும் தொடாதீர்கள். மின்வாரிய ஆட்கள் வந்து இணைப்பு துண்டித்திருப்பதை உறுதி செய்யும் வரை அந்த இடத்தைச் சுற்றித்தான் போக வேண்டும்.

தார்ப்பாய் வாங்கும்போது விலையைப் பார்த்து மெல்லியதை அள்ளாதீர்கள். இங்கே அடிக்கும் காற்றில் ஒரு வாரத்தில் நார்நாராகிவிடும். ஒரு ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கூரையடி இடம் வேண்டும் என்பது உலகளவில் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோல். நாலு பேர் குடும்பத்துக்கு 12க்கு 18 அடி தார்ப்பாய் சரியாக வரும். ஒவ்வொன்றோடும் நைலான் கயிறு சேர்த்துச் சுருட்டிக் கொடுங்கள். கயிறு இல்லாத தார்ப்பாய் விரித்துப் படுக்கத்தான் ஆகும்.

தண்ணீர்க் கணக்கு

பாட்டில் தண்ணீர் மீது நன்கொடையாளர்களுக்குத் தனி மோகம் உண்டு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 300 குடும்பம் உள்ள ஊர், 1,200 பேர். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்பது ஸ்பியர் சொல்லும் குறைந்தபட்ச அளவு. 18,000 லிட்டர். இருபது லிட்டர் கேனில் கொடுப்பதென்றால் தினமும் 900 கேன். குடிக்க மட்டும் மூன்று லிட்டர் என்று சுருக்கினாலும் 180 கேன். எத்தனை நாளைக்கு ஏற்றுவீர்கள்?

அந்த ஊரின் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் கொள்ளும் என்றால், மோட்டாருக்கு ஒரு ஜெனரேட்டரை இணைத்தால் போதும், ஊருக்கே தண்ணீர் வந்துவிடும். கஜாவின்போது பல ஊர்களைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடும் ஜெனரேட்டர்காரரிடம் செப்டம்பரிலேயே பேசிவையுங்கள். சில விஷயங்களைக் கவனியுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். எச்.பி. கணக்குக்கு நேராக ஜெனரேட்டர் எடுத்தால் திணறி நின்றுவிடும், எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பெரியதாக எடுங்கள். மோட்டார் மூன்று பேஸா ஒரு பேஸா என்று கேளுங்கள். இணைக்கும் முன் வாரியத்தின் லைனிலிருந்து மோட்டாரை முழுமையாகப் பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் ஓட்டினால் ஜெனரேட்டர் மின்சாரம் லைனுக்குள் திரும்பிப் போய், எங்கோ கம்பம் நட்டுக்கொண்டிருக்கும் தொழிலாளியைக் கொல்லும்.

ஒரு ஜெனரேட்டரை டிராக்டரில் வைத்து நாலு ஊருக்குச் சுற்றலாம். நேர அட்டவணையை ஊரில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் குடத்தோடு காத்திருக்கும் கூட்டமும் சண்டையும் குறையும். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவது டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் நிற்கிறதா என்று சோதிக்கும் சிறிய கிட்டை மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. வேதாரண்யம் பக்கம் குடிநீரே கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருவது. அந்தக் குழாய் வரத்து நின்ற ஊர்களில் ஊர் மோட்டாரை ஓட்டிப் பயனில்லை, டேங்கர்தான் வழி.

பொட்டலத்தில் என்ன போடுவது

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உலர் பொருள் கொடுத்து என்ன செய்வார்கள்? விறகு நனைந்திருக்கும், அடுப்பும் பாத்திரமும் கூரைக்கு அடியில் கிடக்கும். அந்த ஊரிலேயே பொதுச் சமையல் நடத்துவதற்கு அரிசி, பருப்பு, காஸ் சிலிண்டர், பெரிய அண்டா கொடுங்கள். சமைக்க ஊரிலேயே ஆள் உண்டு. திருச்சியில் கட்டி நாலு மணி நேரம் பயணிக்கும் சாம்பார் சாதப் பொட்டலம் வந்து சேரும்போது புளித்திருக்கும்.

வீட்டில் அடுப்பு பற்றிய பிறகு மளிகைப் பொட்டலம். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, சத்துமாவு 50, சர்க்கரை 15 கிராம் என்று வைத்தால் ஸ்பியர் சொல்லும் 2,100 கலோரியை ஒட்டி வரும். நாலு பேருக்கு ஒரு வாரம் என்றால் அரிசி 11 கிலோ, பருப்பு ஒன்றே முக்கால், எண்ணெய் ஒரு லிட்டர், சத்துமாவு ஒன்றரை, சர்க்கரை அரை, உப்பு ஒரு பாக்கெட். புளி, மிளகாய்த்தூள், தீப்பெட்டி, கொசுவத்தி, சோப்பு சேர்த்து 18 கிலோவுக்கு வரும். எல்லாப் பொட்டலமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் ரவை, இன்னொன்றில் சேமியா என்று இருந்தால் தெருவில் பிரித்துப் பார்த்துச் சண்டை வரும்.

பட்டியலில் ஆண்கள் மறப்பவை: நாப்கின், உள்ளாடை, நைட்டி. இதற்குத்தான் பெண் தொடர்பாளர். ஆண் தன்னார்வலரிடம் எந்தப் பெண்ணும் வந்து கேட்க மாட்டார். கைலியும் பாயும் போர்வையும் புதியதாக வாங்குங்கள். பழைய துணி ஒன்றுகூட வேண்டாம் என்று அறிவிப்பின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கைக்குழந்தைகளுக்கு என்று பால்பவுடர் டின்னும் ஃபீடிங் பாட்டிலும் பொதுவாக விநியோகிக்காதீர்கள். வெந்நீர் கிடைக்காத இடத்தில் அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். தேவைப்படும் குழந்தை இருந்தால் செவிலியர் மூலம் கொடுக்கலாம். மருந்து மாத்திரையும் அப்படித்தான், ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலை அது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

கிடங்கும் வண்டியும்

பள்ளிக்கூடத்தைக் கிடங்காகக் கேட்காதீர்கள், மக்கள் தங்க அது வேண்டும். அரிசி ஆலை, கல்யாண மண்டபம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம் பரவாயில்லை. தரையில் நேரடியாக மூட்டையை அடுக்காமல் சவுக்குக் கட்டை போட்டு அட்டி போடுங்கள், சுவரிலிருந்து இரண்டடி விடுங்கள். வாசலில் ஒரு நோட்டு: எது வந்தது, எங்கிருந்து, எவ்வளவு, எது போனது, யார் கையில். வரவுக்கு ஒருவர், பற்றுக்கு ஒருவர். ஒருவரே இரண்டையும் பார்த்தால் மூன்றாம் நாள் கணக்கு குழம்பும். கேட்காமல் வந்து இறங்கும் பொருளைத் தனி மூலையில் வையுங்கள், அதைப் பிரிக்க நல்ல ஆட்களைச் செலவிடாதீர்கள்.

வண்டிக் கணக்கு எளிது. 18 கிலோ பொட்டலம் 300 என்றால் 5.4 டன். குட்டி யானையில் முக்கால் டன்தான் முறையாக ஏற்றலாம், எட்டு நடை ஆகும். டன் கணக்கில் ஏற்றும் லாரி பெரிய சாலை வரை வரட்டும், அங்கிருந்து டிராக்டர் டிப்பர் எடுத்துப் போகட்டும். தேங்கிய தண்ணீரில் டிராக்டரை விட்டால் வேறு வண்டி கிடையாது. உள்ளூர் டிராக்டருக்கு வாடகையும் டீசலும் கொடுங்கள். வேலையின்றி நிற்கும் அந்த ஊர்க்காரருக்கும் அது நிவாரணம்தான். ஒவ்வொரு வண்டியிலும் உள்ளூர் ஆள் ஒருவர், கையில் சலான் இரண்டு பிரதி. இறக்கும் இடத்தில் கையெழுத்து வாங்கி ஒன்று திரும்பி வர வேண்டும். வழியில் மறித்தால் வாக்குவாதம் வேண்டாம். அந்த ஊருக்கு எப்போது, என்ன வரும் என்று சொல்லத் தெரிந்தவர் வண்டியில் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மறிப்பவர்களும் நிவாரணம் கிடைக்காதவர்கள்தான், அவர்கள் ஊர்ப் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து விசாரிக்க ஆள் அனுப்புங்கள்.

தெருவில் கொடுக்கும்போது

இதுவரை சொன்ன எல்லாமே கெட்டுப்போகும் இடம் இதுதான். லாரியின் மேல் நின்று வீசுவது, போட்டோவுக்காகப் பெரியவர்களை வரிசையில் நிறுத்தி வைப்பது, இரண்டையும் உங்கள் குழுவில் யாரும் செய்யக் கூடாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

முந்தின நாளே வீடு வீடாகப் போய் டோக்கன் கொடுங்கள். அதில் தெரு, எண், மறுநாள் வர வேண்டிய நேரம் மூன்றும் இருக்கட்டும். ரேஷன் கார்டு ஒன்றையே அளவாக வைக்காதீர்கள். ஒரே கார்டில் மூன்று அடுப்பு எரியும் வீடும் உண்டு, கார்டே இல்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பமும் உண்டு, வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களும் உண்டு. அடுப்பை எண்ணுங்கள்.

கொடுக்கும் இடம் எது என்பதில் அரசியலும் சாதியும் இருக்கிறது, தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். கோயில் வாசலில் வைத்தால் காலனித் தெருவிலிருந்து வரத் தயங்குவார்கள், ஊர்ப் பெரியவர் வீட்டு வாசலில் வைத்தால் அவருக்கு வேண்டியவர்களுக்கே முதலில் போகும். மீனவ ஊர்களில் பஞ்சாயத்தார் வழியாகக் கொடுத்தால் ஒழுங்காக நடக்கும், ஆனால் அந்தப் பஞ்சாயத்தின் கணக்கில் வராத மற்றக் குடும்பங்களும் அதே ஊரில் இருப்பார்கள். அதனால்தான் ஊருக்கு இரண்டு தொடர்பாளர், இரண்டு தெருவிலிருந்து என்றேன். நான் சொல்வது இது: விநியோகத்தைக் கடைசித் தெருவிலிருந்து தொடங்குங்கள். பெரிய தெருவுக்குப் பொருள் குறைந்தால் உங்களைக் கூப்பிட்டுச் சத்தம் போட அவர்களுக்கு ஆள் உண்டு, கடைசித் தெருவுக்குக் குறைந்தால் யாருக்கும் தெரியாது.

நடக்க முடியாதவர்களுக்கு வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு நோட்டோடு புகார் கேட்க ஒருவரை உட்கார வையுங்கள். பாதிச் சண்டை அந்த மேசையிலேயே முடியும்.

தனியாக ஓடாதீர்கள்

மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. வேலையைத் தொடங்கும்போதே வி.ஏ.ஓ.விடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் எந்த ஊர், என்ன பொருள் என்று தெரிவியுங்கள். அவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்வார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. யார் எங்கே கொடுத்தார்கள் என்ற தகவல் ஓரிடத்தில் சேர வேண்டும் என்பதற்காக. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்கள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் நடத்தின. எந்த ஊரில் யார், அங்கே என்ன குறை என்ற விவரத்தை எல்லோருக்கும் பகிர்ந்ததுதான் அதன் முக்கிய வேலை. பத்துப் பேர் குழு அவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. பக்கத்தில் வேலை செய்யும் மூன்று குழுக்களோடு தினமும் மாலை அரை மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்து ஊர்ப் பட்டியலை ஒப்பிட்டால் போதும்.

எப்போது நிறுத்துவது

ஊரில் மளிகைக் கடை திறந்து, மொத்தச் சரக்கு வரத் தொடங்கிவிட்டால் பொட்டலம் கொடுப்பதை நிறுத்துங்கள். அதற்குமேல் இலவச அரிசி இறக்கினால் அந்தச் சின்னக் கடைக்காரர்தான் அடிவாங்குவார், அவர் வீடும் சரிந்துதான் கிடக்கும். கையில் பணம் மீதமிருந்தால் அதைப் பணமாகவே அந்தக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம், அல்லது கீற்று, மூங்கில், வலை, படகு பழுது, விழுந்த தென்னையை அப்புறப்படுத்தும் கூலி என்று திருப்பலாம். விழுந்த மரத்தை வெட்டி அகற்றாமல் அடுத்த கன்று வைக்க முடியாது, அகற்றும் செலவோ சிறு விவசாயியின் கைக்கு மீறியது.

வரவு செலவை ஒரு தாளில் எழுதி ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், கொடுத்தவர்களுக்கும் அதையே அனுப்புங்கள். மிச்சமான தார்ப்பாயை நன்றாகக் காயவைத்துச் சுருட்டி, எலி ஏறாத இடத்தில் வையுங்கள். உடையும் வரை உபயோகித்த கடப்பாரை, கயிறு இவற்றுக்கு மாற்று வாங்கி வையுங்கள். மரம் அறுக்கும் எந்திரத்தைப் பெட்டியில் வைக்கும் முன் டேங்கில் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, வறண்டு நிற்கும் வரை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஆறேழு மாதம் பெட்ரோலோடு கிடந்தால் கார்பரேட்டர் அடைத்துக்கொண்டு, அடுத்த நவம்பரில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பாது.